மிக்ஸரில் ‘கொர்ர்’, ஹெட்போனில் ‘உஸ்’: எர்த் பின்னைப் பிடுங்கலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். ஓர் அறையில் நண்பர்களோடு கானா பாட்டுகள் பதிவு செய்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய, ஒலி கலக்கும் 8 சேனல் யூஎஸ்பி மிக்ஸர், ஒரு கண்டென்சர் மைக், ஒரு கீபோர்டு, லேப்டாப். அவ்வளவுதான் செட்டப். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம் வருகிறது. மிக்ஸரின் இரும்பு உடம்பில் கை வைத்தால் அது குறைகிறது. சார்ஜரைக் கழற்றினால் போய்விடுகிறது, ஆனால் ‘உஸ்’ என்ற இரைச்சல் மட்டும் எப்போதும் இருக்கிறது. 3ஆம் சேனலில் குரல் திடீரென்று அமுங்கிப் போகும், மிக்ஸரைத் தட்டினால் திரும்பி வரும். சார்ஜரின் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்த ஒருவர். செய்யலாமா? இல்லை, புது மிக்ஸர் வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பின்னைப் பிடுங்குவது ஆபத்து. அதோடு, உங்கள் வீட்டில் அது பலனும் தராது என்றே நினைக்கிறேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மிக்ஸரைத் தொட்டால் சத்தம் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வந்து உண்டாகிற ஹம் (தொடர்ந்து முனகுவது போன்ற சத்தம்) என்றால், நீங்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும் அது ஒரே அளவில் இருக்கும். கை வைத்ததும் குறைகிறது என்றால், மிக்ஸரின் உடம்பு எந்த எர்த்திலும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது, உங்கள் உடம்பு அதற்குத் தற்காலிக எர்த்தாக வேலை செய்கிறது என்று பொருள். லேப்டாப் சார்ஜருக்குள் ரேடியோ இரைச்சலை அடக்குவதற்காகச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த் பக்கம் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியாக மிகச் சிறிய கசிவு மின்சாரம் எப்போதும் ஓடும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் லேப்டாப்பின் உடம்பு ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில், அதாவது 110, 115 வோல்ட் வாக்கில் மிதக்கும். மெட்டல் பாடி லேப்டாப்பைப் புறங்கையால் தடவும்போது ஒரு மாதிரி ‘சுருசுரு’ என்று இருக்கிறதா? அதுவேதான். அந்தக் கசிவு யூஎஸ்பி வயரின் கிரவுண்டு வழியாக மிக்ஸருக்குள் வந்து, அங்கிருந்து கீபோர்டு வயரின் ஷீல்டில் (சிக்னல் கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை) ஓடி, கீபோர்டு அடாப்டர் வழியாக வெளியேறப் பார்க்கிறது. ஷீல்டில் ஓடும் எதுவும் சிக்னலோடு கலக்கும். உங்கள் ‘கொர்ர்’ பிறக்கும் இடம் இது.

ஆக, உங்கள் வீட்டு பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வடசென்னையின் பழைய போர்ஷன் வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. சில வீடுகளில் கீழே மீட்டர் போர்டு வரை எர்த் வந்திருக்கும், மாடிக்கு இழுத்திருக்க மாட்டார்கள். வேறு சில வீடுகளில் எப்போதோ புதைத்த ஜிஐ பைப் உப்பு ஈரத்தில் அரித்துப் போய் வயர் மட்டும் மிஞ்சியிருக்கும். கடலோர மண்ணில் ஈரமும் உப்பும் இருப்பதால் எர்த் நன்றாகப் பிடிக்கும். அந்த உப்பேதான் இரும்பையும் சீக்கிரம் தின்றுவிடும்.

பார்ப்பதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 750 வோல்ட் ஏசி ரேஞ்சில் வையுங்கள். பிளக் பாயின்டை நேராகப் பார்த்து நின்றால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். அப்படித்தான் இருக்க வேண்டும், மாற்றிப் போட்டிருக்கும் வீடுகளும் உண்டு. ஃபேஸ்–நியூட்ரல் 230 வாக்கில் வரும். ஃபேஸ்–எர்த்தும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்–எர்த் 60, 90, 120 என்று ஏதோ ஓர் எண்ணில் ஆடினால் எர்த் கிடையாது. மீட்டர் காற்றைத்தான் அளக்கிறது. 230 வந்தாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அதனால் அரைகுறை எர்த்தும் அதற்கு நல்ல எர்த்தாகத் தெரியும். எலக்ட்ரீஷியன் கையில் வைத்திருக்கும் டெஸ்ட் லாம்பை, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பிடித்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் பலவீனம். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் பல்ப் எரியாமல் அது ட்ரிப் ஆகும். அதுவும் எர்த் இருக்கிறது என்பதற்கு அடையாளமே. மின்சாரத்தில் கை பழகாதவர் என்றால் இந்த டெஸ்ட் லாம்ப் வேலையை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

நியூட்ரல்–எர்த் எப்போது பார்த்தாலும் சுத்தமாக 0.0 என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். அதே போர்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். லோடு ஏறும்போது நியூட்ரல் வயரில் கொஞ்சம் வோல்ட்டேஜ் விழும், மீட்டர் கொஞ்சமாவது ஏறிக் காட்ட வேண்டும். அப்போதும் அசையாமல் 0.0 என்றால், பிளக் பாயின்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் யாரோ ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருக்கக்கூடும். கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இது எர்த் இல்லாததைவிட மோசம். எங்காவது நியூட்ரல் கட்டானால் உங்கள் மிக்ஸர், லேப்டாப், மைக்கின் உடம்பு எல்லாம் 230 வோல்ட்டில் நிற்கும். பாடுகிறவர் உதடு மைக்கின் கிரில்லில் படுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மைக்கில் ஷாக் அடித்து மேடையில் விழுந்தார் என்று செய்தி வருகிறதே, அவற்றில் பலவற்றுக்கும் வேர் இந்த மாதிரிப் பின் பிடுங்கலும் எர்த் இல்லாமையும்தான். எர்த் பின் சத்தத்துக்காக வைத்ததல்ல, உயிருக்காக வைத்தது. சத்தத்தைக் குறைக்க வேறு பத்து வழி இருக்கிறது.

எர்த் இல்லை என்று தெரிந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி, மீட்டர் போர்டில் இருக்கும் எர்த்திலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் பச்சை காப்பர் வயர் ஒன்றை உங்கள் அறை போர்டு வரை இழுக்கச் சொல்லுங்கள். கீழேயே எர்த் இல்லையென்றால் குழி எடுத்துப் புதிதாக ராடு அடிக்க வேண்டும். காப்பர் பூசிய ராடு என்றால் உப்பு மண்ணில் ஜிஐயைவிடத் தாங்கும். எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால் 5 ஓமுக்குள் வர வேண்டும். தண்ணீர் பைப்பில் சுற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதி பைப் பிவிசி ஆகி வருடங்கள் ஆகின்றன. வாடகை வீட்டில் செலவு யார் தலையில் என்ற பேச்சு வரும். மீட்டர் போர்டு வரை எர்த் இருந்தால் இது வயர் விலையும் அரை நாள் கூலியும்தான். வாங்கப் பார்க்கும் புது மிக்ஸரைவிட மலிவு.

எர்த் வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள். லேப்டாப் 65 வாட், மிக்ஸர் ஓர் இருபது, கீபோர்டு பத்துப் பன்னிரண்டு, மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால் ஒரு நூறு. மொத்தம் 200 வாட்டைத் தாண்டாது, ஒரு 6 ஆம்பியர் பாயின்ட் தாராளமாகத் தாங்கும். நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று போதும். எர்த் தகடு உள்ளே உண்மையாகவே இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்து வாங்குங்கள். மலிவுப் பெட்டிகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். ஃபிரிட்ஜும் கிரைண்டரும் அந்த லைனில் வேண்டாம்.

இந்த அளவிலேயே பெரும்பாலும் ‘கொர்ர்’ அடங்கிவிடும். அடங்காமல் தன்மை மட்டும் மாறி, தொட்டாலும் குறையாத மெல்லிய ‘ம்ம்ம்’ என்று நின்றால், இப்போது வந்திருப்பது உண்மையான கிரவுண்ட் லூப். மிக்ஸருக்கும் மூன்று பின் பவர் கார்டு இருந்தால் இது நடக்கும். லேப்டாப் ஒரு வழியாக எர்த்தைத் தொடுகிறது, மிக்ஸர் இன்னொரு வழியாகத் தொடுகிறது, நடுவில் யூஎஸ்பி வயர் இரண்டையும் இணைத்து வட்டத்தை முடிக்கிறது. வெட்ட வேண்டியது பவர் கார்டை அல்ல, அந்த யூஎஸ்பி வழியை. அதற்கு யூஎஸ்பி ஐசொலேட்டர் என்று விரல் நீளத்தில் ஒரு சின்ன போர்டு கிடைக்கிறது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் போர்டு, சென்சார் விற்கும் கடைகளில் ஏடியூஎம்4160 என்று கேளுங்கள், அது இல்லாவிட்டால் ஆன்லைனில் கிடைக்கும். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது நொடிக்கு 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு ஒரு திசையில் 1.5 மெகாபிட் போதும், அதனால் இரண்டு இன், இரண்டு அவுட் மட்டும் கொண்ட பழைய யூஎஸ்பி மிக்ஸர்கள் பெரும்பாலும் இதில் ஓடும். எல்லா சேனலையும் தனித்தனியாக லேப்டாப்புக்கு அனுப்பும் மிக்ஸரும், தனி ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவும் 480 மெகாபிட் வேகத்தை எதிர்பார்ப்பவை. அவற்றை இதில் செருகினால் ஒழுங்காக ஓடாது. இன்னொன்று: இந்த போர்டு தரும் கரண்ட் குறைவு. மிக்ஸருக்குத் தனி பவர் இருக்க வேண்டும், யூஎஸ்பியிலேயே ஓடும் மிக்ஸருக்கு இது ஒத்து வராது.

கீபோர்டு வயரைச் செருகும்போது மட்டும் ஹம் வருகிறதென்றால், அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பாஸிவ் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றதாக மாற்றும், பவர் தேவைப்படாத சின்னப் பெட்டி) போடுங்கள். கீபோர்டிலிருந்து டிஐக்குச் சாதாரண இன்ஸ்ட்ருமென்ட் வயர், டிஐயிலிருந்து மிக்ஸரின் மைக் இன்புட்டுக்கு மூன்று பின் எக்ஸ்எல்ஆர் வயர், டிஐயின் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் ‘லிஃப்ட்’ பக்கம். இங்கே கிரவுண்டைத் துண்டிப்பதில் ஆபத்தில்லை, ஏனென்றால் துண்டிக்கப்படுவது ஆடியோ ஷீல்டுதான், பவர் எர்த் அல்ல. மலிவு டிஐக்குள் இருக்கும் குட்டி ட்ரான்ஸ்ஃபார்மர் பேஸைக் கொஞ்சம் தின்னும். கானாவுக்கு டோலக்கின் அடி முக்கியம் என்பதால் டோலக்கை அதன் வழியாக விடாதீர்கள். கீபோர்டு ஸ்டிரிங்ஸுக்கு அது பரவாயில்லை.

எந்த வயர் சத்தத்தைக் கொண்டுவருகிறது என்று கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். மிக்ஸரிலிருந்து பவர் வயரைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மிக்ஸரின் ஹெட்போன் ஜாக்கில் கேளுங்கள். சுத்தமா? யூஎஸ்பி செருகுங்கள். பிறகு லேப்டாப் சார்ஜர். பிறகு கீபோர்டு. கடைசியில் மைக். யூஎஸ்பி செருகியதிலிருந்து ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற இலவச ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பிளாட் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடம்) திறந்து சைஸை 16384 என்று வைத்துப் பாருங்கள். 50, 150, 250 ஹெர்ட்ஸில் முள் முளைத்திருந்தால் லைனிலிருந்தோ ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்திலிருந்தோ வருகிறது. 100, 200, 300 என்று இருந்தால் மிக்ஸரின் சொந்த பவர் சப்ளை மீது சந்தேகம். 1000 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் என்றால் யூஎஸ்பி. லேப்டாப் ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் மிக்ஸரோடு பேசும் தாளம் அது, மெல்லிய விசில் போலக் கேட்கும். வேறு யூஎஸ்பி போர்ட், ஒரு மீட்டருக்குள் இருக்கும் நல்ல வயர், அதுவும் போதாவிட்டால் மேலே சொன்ன ஐசொலேட்டர்.

யூஎஸ்பி மட்டும் செருகி, லேப்டாப் பேட்டரியில் ஓடும்போதே 100 ஹெர்ட்ஸ் இருந்தால், அதன் அடாப்டரைப் பாருங்கள். சின்ன மிக்ஸர்கள் பலவற்றின் அடாப்டர் தருவது டிசி அல்ல, ஏசி. 18-0-18 வோல்ட் என்று மூன்று பின் வைத்திருக்கும். பழைய அடாப்டர் போய்விட்டது என்று பின் பொருந்துகிற டிசி அடாப்டரைச் செருகி மிக்ஸரையே எரித்தவர்கள் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்பதால், உங்கள் அடாப்டரின் லேபிளும் மிக்ஸர் பின்புறம் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள். இரண்டும் சரி, இருந்தும் ஹம் என்றால் உள்ளே ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பெரிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். பொதுவாக 1000 முதல் 2200 மைக்ரோஃபாரட், 35 வோல்ட். தலை உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம், உப்பாமலும் காயும். மாற்றும்போது 105 டிகிரி கெப்பாசிட்டராகக் கேட்டு வாங்குங்கள். 85 டிகிரியும் வேலை செய்யும், ஆனால் சென்னை மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் அதற்கு ஆயுசு குறைவு. வோல்ட்டேஜ் பழையதுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. பிளஸ் மைனஸ் பார்த்துப் போட வேண்டும். 7815, 7915 ரெகுலேட்டர்களின் (+15, -15 வோல்ட்டை நிலையாகத் தரும் ஐசிகள்) அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்துப் பார்த்தால் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த இரண்டு ஐசிக்கும் கால் வரிசை வேறு வேறு: 7815இல் நடுக்கால் கிரவுண்டு, 7915இல் நடுக்கால் இன்புட். இதைக் கவனிக்காமல் புரோப் வைத்து ஷார்ட் செய்துவிட வேண்டாம். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் டிவி ரிப்பேர் பார்ப்பவரிடமே கொடுக்கலாம், அவருக்கு இது அரை மணி நேர வேலை.

இனி அந்த ‘உஸ்’. அது எர்த்தோடு சம்பந்தமில்லாத வேறு சங்கதி. அதனால்தான் சார்ஜரைக் கழற்றினாலும் நிற்கிறது. கொஞ்ச நேரம் இதில் உட்காருவோம், ஏனென்றால் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான்.

மெயின் ஃபேடரை (மொத்த ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) முழுதாகக் கீழே இறக்கிவிட்டுப் பதிவு செய்து பாருங்கள். ‘உஸ்’ அப்படியே இருந்தால் அது மிக்ஸருக்குப் பின்னால், யூஎஸ்பி பகுதியிலோ லேப்டாப் செட்டிங்கிலோ இருக்கிறது. மிக்ஸரின் டேப் அவுட்டிலிருந்து லேப்டாப்பின் மைக் ஜாக்குக்கு வயர் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அந்த ஜாக் மோனோ, அதற்குள் மைக்குக்கான சிறு வோல்ட்டேஜ் வேறு ஓடும், லைன் அளவுக்கு அது செய்யப்பட்டதல்ல. விண்டோஸில் சவுண்ட் செட்டிங்கைத் திறந்து மிக்ஸரின் ரெக்கார்டிங் பக்கத்தில் ‘பூஸ்ட்’ ஏதாவது ஏறியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் சைபர். சாம்பிள் ரேட் மிக்ஸர், விண்டோஸ், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் மூன்றிலும் ஒரே எண்ணாக, 48000 என்றே இருக்கட்டும். வேறுபட்டால் ‘டிக் டிக்’ என்று இடையிடையே கேட்கும்.

மெயின் ஃபேடரை இறக்கியதும் ‘உஸ்’ போய்விட்டால் மிக்ஸருக்குள்தான். முதல் சந்தேகம் எஃபெக்ட். மலிவு மிக்ஸர்களில் எக்கோ, ரிவர்ப் சிப் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், அதுவே நல்ல இரைச்சல் மூட்டை. எஃபெக்ட் ரிட்டர்ன் குமிழை முழுதாக இடப்பக்கம் திருப்புங்கள். பாதி இரைச்சல் இதிலேயே போய்விட்டால் ஆச்சரியப்படாதீர்கள். கானாவுக்கு எக்கோ இல்லாமல் எப்படி என்பீர்கள். எக்கோவைப் பதிவு முடிந்த பிறகு சாஃப்ட்வேரில் போடுங்கள், கூட்டவும் குறைக்கவும் முடியும். பாடகருக்கு ஹெட்போனில் வேண்டுமானால் மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், அது பதிவாகும் வழியில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பயன்படுத்தாத சேனல்கள். எட்டு சேனலும் திறந்திருந்தால் எட்டு ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்கும் பகுதி) இரைச்சலும் கூடும். ஒரே அளவு இரைச்சல் எட்டும் சேர்ந்தால் ஒரு சேனலைவிட 9 டெசிபல் அதிகம். ஒரு மைக்குக்கு ஏன் இத்தனை சுமை? மற்றவற்றை மியூட் செய்யுங்கள், கெயினையும் (ப்ரீஆம்ப் பெருக்கும் அளவு) குறைத்து வையுங்கள்.

பிறகு கெயின் முறை. பலர் கெயினைப் பயந்து பயந்து குறைத்து வைத்துவிட்டு, சத்தம் போதவில்லை என்று மெயின் ஃபேடரையும் லேப்டாப்பையும் ஏற்றுகிறார்கள். ஏற்றினால் குரலோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். சேனல் ஃபேடரும் மெயின் ஃபேடரும் ‘0’ குறியில் நிற்கட்டும். அந்தச் சேனலின் அளவை மட்டும் மீட்டரில் காட்டும் பிஎஃப்எல் அல்லது சோலோ பட்டனை அழுத்தி, பாடகரைப் பாட்டிலேயே உச்சமான இடத்தைப் பாடச் சொல்லுங்கள். தலையசைத்து மெதுவாகப் பாடிக் காட்டினால் உதவாது, கூட்டத்தில் பாடுவது போல அடித்துப் பாட வேண்டும். மீட்டரில் 0 தாண்டி +6 வரை எட்டலாம், சிவப்பு விளக்கு எரியக்கூடாது. அப்போது லேப்டாப்பில் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6க்குள் விழ வேண்டும். அதிகமாக விழுந்தால் மெயின் ஃபேடரைக் கொஞ்சம் இறக்குங்கள்.

கெயின் எல்லாம் சரி, இருந்தும் குரல் மெல்லிசாக, இரைச்சல் பெரிசாக வருகிறதென்றால் கண்டென்சர் மைக்குக்கு மைக் வயர் வழியாகவே மிக்ஸர் தரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் உண்மையில் போகிறதா என்று பாருங்கள். மலிவு கண்டென்சர் மைக்கோடு வரும் வயரின் ஒரு முனை எக்ஸ்எல்ஆராகவும் மறு முனை 3.5 எம்எம் பிளக்காகவும் இருக்கும். அதை கன்வர்ட்டர் போட்டு மிக்ஸரின் லைன் ஜாக்கில் செருகியிருந்தால் ஃபாண்டம் அந்த வழியாகப் போகாது. மைக் அரைகுறை உயிரோடு வேலை செய்யும், அல்லது செய்யவே செய்யாது. இரு முனையும் மூன்று பின் எக்ஸ்எல்ஆராக இருக்கும் வயர் ஒன்று வேண்டும். ஃபாண்டம் போடும்போது ஃபேடரை இறக்கி, சேனலை மியூட் செய்து, மைக்கைச் செருகி, பிறகு 48 வோல்ட் ஸ்விட்ச், பத்து விநாடி பொறுத்து மியூட் எடுப்பது. கழற்றும்போது தலைகீழ் வரிசை.

அந்த வயரையும் சோதியுங்கள். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் கன்டினியூட்டியில் வைத்து 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3 பீப் வர வேண்டும். 1–2, 1–3, 2–3 இடையே வரக்கூடாது. வயரை ஆட்டிக்கொண்டே சோதியுங்கள், கனெக்டருக்குள் பாதி அறுந்த வயர் அசைந்தால்தான் மாட்டும். 3ஆம் பின் அறுந்திருந்தால் சாதாரண மைக் என்றால் பெரும்பாலும் குரலே போய்விடும், சில கண்டென்சர்களில் குரல் வரும், ஆனால் அளவு குறைந்து, கூடவே ஹம் ஏறும். இப்படி ஒரே சிக்னலுக்கு இரண்டு கம்பி வைத்திருக்கும் பேலன்ஸ்டு வயரின் பலமே 2ஆம் பின்னிலும் 3ஆம் பின்னிலும் ஒரே அளவாக ஏறும் இரைச்சலை மிக்ஸர் கழித்துவிடுவதில் இருக்கிறது. ஒரு பக்கம் போனால் கழிக்க ஆளில்லை.

இடையில் ஒரு யோசனை. மாடி போர்ஷன், தெருவில் மீன் கூவல், ஆட்டோ ஹார்ன், பக்கத்து வீட்டு மிக்ஸி. இப்படிப்பட்ட அறைக்குக் கண்டென்சர் மைக்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். அது எல்லாவற்றையும் கேட்கும். ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கில் வாயை ஐந்து சென்டிமீட்டரில் வைத்துப் பாடினால் தெரு பாதியாகும். ஆனால் அந்த வகை மைக் தரும் சிக்னல் கண்டென்சரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். 50, 60 டெசிபல் கெயின் கேட்கும். மிக்ஸரின் ப்ரீஆம்ப் சுமார் என்றால் அங்கே ‘உஸ்’ மறுபடி எட்டிப் பார்க்கும். ஆனாலும் கானா பாடகர் அடித்துப் பாடுகிறவர், மெல்லிசை முணுமுணுப்பு அல்ல. அதனால் உங்களுக்கு டைனமிக் பக்கம்தான் என் வாக்கு. வாங்குவதற்கு முன் நண்பர்களிடம் ஒன்று இரவல் வாங்கிப் பாருங்கள்.

3ஆம் சேனல் விஷயம் எளிது. தட்டினால் வருகிறது என்றால் எங்கோ ஒரு கான்டாக்ட் ஆக்ஸைடு பிடித்திருக்கிறது. உங்கள் மிக்ஸரில் அந்தச் சேனலுக்கு ‘இன்சர்ட்’ என்று ஒரு ஜாக் இருக்கிறதா? அதற்குள் எதையும் செருகாதபோது சிக்னல் இரண்டு சின்னப் பித்தளைத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதை நம்பித்தான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. கடல்காற்று படும் ஊரில், வருடக்கணக்கில் யாரும் தொடாத அந்தத் தகடுகள் கறுத்துவிடும். ஒரு டிஆர்எஸ் பிளக்கை (பெரிய 6.35 எம்எம் ஸ்டீரியோ பிளக்) எடுத்து, பவரை அணைத்துவிட்டு, பத்துப் பதினைந்து முறை அழுத்திச் செருகி எடுங்கள். உராய்வில் கறை போகும். பெரும்பாலும் அப்போதே சேனல் உயிர்பெறும். கூடவே கான்டாக்ட் கிளீனர் ஒரு சின்ன பீச்சல் அடித்து மறுபடி செருகி எடுத்தால் இன்னும் நாள் தாங்கும். சமையல் எண்ணெயோ, வண்டிக்கு அடிக்கும் ஸ்பிரேயோ வேண்டாம், அது தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதற்கும் அசையவில்லை என்றால் எக்ஸ்எல்ஆர் சாக்கெட் போர்டில் சேரும் இடத்தில் ஈயம் கீறிப் பிளந்திருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி வட்டக் கோடு தெரியும். புது ஈயம் வைத்தால் தீரும். இன்சர்ட் ஜாக் இல்லாத மிக்ஸரில் நேராக இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

குமிழைத் திருப்பும்போது ‘கரகர’ என்றாலும் அதே கிளீனர்தான். பவரை அணைத்து, குமிழின் கழுத்தில் மெல்லிய குழாயை வைத்து ஒரு பீச்சல், இருபது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பல், காய அரை மணி நேரம். ஃபேடருக்கு லூப்ரிகன்ட் கலந்த கிளீனராகக் கேளுங்கள். வெறும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் அடித்தால் கரகரப்பு போகும், கூடவே நகரும் வழுவழுப்பும் போய்விடும்.

மற்றவை சுருக்கமாக. ஹோம் யூபிஎஸ் ஸ்கொயர் வேவ் வகை என்றால் கரண்ட் போன நேரத்தில் ‘கொர்ர்’ கட்டாயம். அப்போது லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், அல்லது பதிவை நிறுத்திவையுங்கள். ஃபேனைத் தொடர்ச்சியாகச் சுழற்றும் டிம்மர் வகை ரெகுலேட்டரில் ஓட்டினால் அது லைனில் இரைச்சலைப் போடும், ஸ்டெப் வகை அமைதியானது. மைக் ஸ்டாண்டை லேப்டாப் வைத்த மேஜையில் வைக்காதீர்கள். ரயில் சத்தம் வருகிறது என்று சிலர் மேலே ஓடும் 25,000 வோல்ட் வயரைத் திட்டுகிறார்கள். வீடு தண்டவாளத்தை ஒட்டியே இருந்தால் தவிர அது வயரிலிருந்து வருவதில்லை, தரை அதிர்வு ஸ்டாண்டு வழியாக ஏறுகிறது. சேனலில் அடி ஒலிகளை வெட்டும் லோ கட் பட்டன், 75 அல்லது 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும், குரலுக்கு அதை அழுத்தி வையுங்கள். ரயிலும் லாரியும் குறையும், ஹம் முழுதாகப் போகாது. அந்த பட்டனை ஹம்முக்கு மருந்தாக நினைத்தால் ஏமாற்றம்தான். மொபைலை மிக்ஸர் மேல் வைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுகிற சிறு இரைச்சலுக்குத்தான் சாஃப்ட்வேர். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் யாரும் மூச்சு விடாமல் ஐந்து விநாடி வெறும் அறையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆடாசிட்டியில் அந்தத் துண்டை நாய்ஸ் ப்ரொஃபைலாகக் கொடுத்து 6 முதல் 9 டெசிபல் மட்டும் குறையுங்கள். 12 தாண்டினால் குரலின் வாலில் தண்ணீருக்குள் பேசுவது போல ஒரு குழறல் தொற்றிக்கொள்ளும், டோலக்கின் ஒலி முடியும் இடமும் அறுபடும். குரல் டிராக்குக்கு மட்டும் போடுங்கள், முழு மிக்ஸுக்கு வேண்டாம்.